மெடிக்கல் போர்டு வரும் வரை

தாம்பரம் ரயில்வே காலனி
12 ஜூன் 1990

தேவமாதா துணை.

அன்புள்ள சவுரி அண்ணனுக்கு,

துவைக்கப் போடும் அப்பாவின் சட்டைகள் கொஞ்ச நாளாகப் பொத்தான் போட்டபடியே கிடக்கின்றன. பொத்தானைக் கழற்றாமல் தலைவழியாக இழுத்துப் போட்டுவிடுகிறார். சோம்பல் என்று நினைத்தேன். நேற்று கதவிடுக்கில் பார்த்தேன். ஒரே பொத்தானோடு வெகுநேரம் போராடிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

சுகம் விசாரிக்காமல் இதை முதலில் எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நானும் அப்பாவும் இருக்கிறோம். பம்பாயில் மழை பிடித்துக்கொண்டதா? பட்டறையில் லேத் வேலை எப்படிப் போகிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பாவின் இடது கை சும்மா இருக்கும்போது தொடைமேல் ஆடுகிறது. நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசுவதில்லை. சிரித்தால்கூட முகத்தில் தெரிவதில்லை. சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாள லைன் பார்த்தபடியே பெருங்களத்தூர் வரை போய் வந்தவர், இப்போது பாதியிலேயே கல்குவியலில் உட்கார்ந்துவிடுகிறாராம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குப்பன் மாமா சொன்னார். "உங்கப்பன் குடிச்சுகினு டூட்டிக்கு வர்றான்னு மேஸ்திரி நெனச்சிகினு கீறாரு. யாரு, நம்ம ஏசுவா? பன்னு முக்கித் துன்ற டீயத் தவுர அவனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

அம்மா இருந்திருந்தால் நான் எட்டாவதோடு நின்றிருக்க மாட்டேன், இதையெல்லாம் நான் எழுதவேண்டியும் இருந்திருக்காது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா? அங்கே யாரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ போகச் சொன்னால் போகிறேன்.

உன் தங்கை,
அருள்மேரி


தாராவி, பம்பாய்
30 ஜூன் 1990

அன்புத் தங்கை அருளுக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

நான் நல்ல சுகம். பட்டறையில் ஓவர்டைம், உட்கார நேரமில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பாவைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. குப்பன் மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொள். நீ ஒன்றும் பேச வேண்டாம், டாக்டர் கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். அவர் சீட்டில் என்ன எழுதினார் என்பதை அப்படியே எனக்கு எழுது. கார்டில் எழுதாதே, எதிர்வீடு வரை எல்லாரும் படிப்பார்கள். இன்லண்டில் எழுது. பட்டறை விலாசத்துக்கும் இனி அனுப்ப வேண்டாம், அங்கே கடிதங்கள் தொலைகின்றன. பின்பக்கம் எழுதியிருக்கும் டீக்கடை விலாசத்துக்கு அனுப்பு.

அப்பாவைத் தைரியமாக இருக்கச் சொல்.

அண்ணன்,
சவுரிமுத்து


தாம்பரம்
28 ஜூலை 1990

தேவமாதா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். இதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர். மூளையில் ஏதோ ஒரு சத்து சுரப்பது குறைகிறதாம், அதனால்தான் கை கால் அசைவது குறைகிறதாம். முழுக்கக் குணமாகாதாம். டாக்டர் மாத்திரையும் சிக் லீவும் எழுதிக் கொடுத்து எக்சர்சைஸ் ரூமுக்கு அனுப்பினார்.

அங்கே காந்திமதி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். நான் தலை நிமிராமல் நின்றதைப் பார்த்து, "ட்ரீட்மென்ட் அப்பாவுக்கா, உனக்கா?" என்று சிரித்தார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார். "மாத்திரை மட்டும் போதாதும்மா. தினமும் நடக்க வைக்கணும். எட்டு பெரிசா வைக்கணும், கையை வீசணும், வாய்விட்டுச் சத்தமாப் பேசணும். நோய் போகாது. ஆனா உடம்பு விறைச்சுப் போறதைத் தள்ளிப் போடலாம், கீழ விழறது குறையும், தன் வேலையைத் தானே செஞ்சுப்பார். படுக்க வெச்சீங்கன்னா இருக்கிறதும் போயிடும். போனதைத் திருப்பிக் கொண்டு வரேன்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தால் நடக்க வைப்பது எப்படி? வாசற்படி வந்ததும் அப்பாவின் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் வருவதில்லை. முந்தாநாள் அப்படித்தான் நின்றார். நான் பிடித்து இழுக்க இழுக்க இன்னும் இறுகினார். டூட்டி முடிந்து வந்த குப்பன் மாமா பார்த்துவிட்டு, "இன்னா ஏசு, வூட்டு வாசப்படி இன்னா அவுட்டர் சிக்னலா? நின்னுகினே கீற!" என்றார்.

"லைன் கிளியர் குட்றா" என்றார் அப்பா. குரல் எழும்பவில்லை.

மாமா விளையாட்டாக, தண்டவாளம் தூக்கும்போது கேங் ஆட்கள் போடும் குரலைப் போட்டார்.

"மாமியா வூட்டு வாசல்ல – ஏத்து!
மாப்ள வழுக்கி வுழுந்தான் – ஏத்து!"

ஒவ்வொரு 'ஏத்து'க்கும் அப்பாவின் கால் ஒன்று எழும்பியது, அண்ணா. படியைத் தாண்டினார். குழாயடி வரை போனார். மாமா மிரண்டுபோய்ப் பாட்டை நிறுத்த, அப்பாவும் நின்றார். "பாட்றா, நிறுத்தாத" என்றார். அந்தத் தண்ணீர்க் குடங்களுக்கு நடுவே மாமா அழுதுகொண்டே பாடினார்.

காந்திமதி அக்காவிடம் சொன்னதற்கு, "தாளம் இருந்தா இவங்களுக்குக் கால் வரும், விடாதீங்க" என்றார். மாமா காலையில் டூட்டிக்குப் போகுமுன் குரல் கொடுக்கிறார். சாயந்திரம் நான்தான். பாட்டின் மீதி அடிகளை உனக்கு எழுதக்கூட முடியாது, அவ்வளவு அசிங்கம். கதவைச் சாத்திவிட்டு 'ஏத்து' மட்டும் மெல்லச் சொல்கிறேன். என் குரலுக்கும் நடக்கிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
அருள்மேரி


பம்பாய்
20 ஆகஸ்ட் 1990

அன்பு அருளுக்கு,

உன் கடிதம் படித்து மனசு ஆறவில்லை. ஆண்டவர் கைவிட மாட்டார். நான் சுகம்.

டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதினாரா? நீ அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எப்போது எழுதுவார், யார் முடிவு செய்வார்கள் என்று குப்பன் மாமாவிடம் கேட்டு உடனே எழுது. மறந்துவிடாதே.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

சவுரி


தாம்பரம்
14 அக்டோபர் 1990

தேவமாதா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே இந்த முறை நல்ல செய்தி. அப்பா இப்போது காலையில் எழுந்து தானே முகம் கழுவுகிறார். சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகிறது, ஆனால் என்னைப் போட விடமாட்டேன் என்கிறார். குப்பன் மாமாவோடு ஜி.எஸ்.டி. ரோடு வரை கை வீசி நடக்கிறார். ராத்திரி புரண்டு படுக்க என்னைக் கூப்பிடுவதில்லை. போன ஞாயிறு கோயிலில் ஜெபம் சொன்ன குரல் எனக்கே கேட்டது, நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன்.

"ஏசு நடக்கிற நடையப் பாத்தா இன்னொரு கல்யாணம் கட்டி வெக்கலாம் போல கீதே" என்றார் மாமா.

"உன் தங்கச்சிய வேணாம்னு சொன்னவன்டா நானு" என்றார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. ஒரு நொடிதான். நான் பார்த்தேன்.

நோய் போய்விடவில்லை. மாத்திரையின் நேரம் தப்பினால் கை ஆட ஆரம்பித்துவிடும். ஆனால் தினமும் நடந்தால் மறுநாள் கொஞ்சம் லேசாக இருக்கிறார். ஒரு நாள் மழையில் விட்டுப்போனால் மறுநாள் எழுந்திருக்கவே கஷ்டப்படுகிறார். இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

நீ கேட்டதை மாமாவிடம் கேட்டேன். டிசம்பரில் மெடிக்கல் போர்டு கூப்பிடுவார்களாம். டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து அப்பாவைச் சோதித்து முடிவு எழுதுவார்களாம்.

தங்கை,
அருள்மேரி


பம்பாய்
27 அக்டோபர் 1990

அன்பு அருளுக்கு,

இதைப் படித்தவுடன் கிழித்துவிடு.

நடக்க வைப்பதை நிறுத்து. நான் சொல்வதை நிதானமாகப் படி. அப்பா போர்டு முன்னால் நடந்து காட்டினால், லைன் வேலை முடியாது, உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுங்கள் என்று எழுதிவிடுவார்கள். லைட் டூட்டி. இன்னும் இரண்டு வருஷத்தில் அவர் ரிடையர் ஆவார், அதோடு எல்லாம் முடிந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். கீழ்க்கட்டளைச் சித்தப்பா உங்களை ஒரு வாரம் வைத்துக்கொள்வாரா? எந்த வேலைக்குமே லாயக்கில்லை என்று எழுதினால்தான் வாரிசு வேலை எனக்குக் கிடைக்கும். வீடு நம்மிடமே இருக்கும்.

காலனியில் எல்லாரும் பார்க்க ஜி.எஸ்.டி. ரோட்டில் கை வீசிக்கொண்டு போனால் யாராவது ஆபீஸில் போய்ச் சொல்ல மாட்டார்களா? படுக்க வை. ஒன்றரை மாதம்தான். போர்டு முடிந்த மறுநாள் காலையில் நானே வந்து 'ஏத்து' சொல்கிறேன்.

எனக்கு வேறு வழி இருந்தால் இப்படி எழுதுவேனா? இதற்கு மேல் கேட்காதே.

சவுரி


தாம்பரம்
9 நவம்பர் 1990

தேவமாதா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? உன் கடிதத்தைக் கிழிக்குமுன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் பேச்சையும் மீற முடியாமல், காந்திமதி அக்கா சொன்னதையும் மறக்க முடியாமல், அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா கடைசி வரி வரை கேட்டார். பிறகு, "சவுரி சொல்றது நாயந்தான் கண்ணு. படுக்கறதுக்கு இன்னா, சுத்தியலா தூக்கணும்? நா படுத்துக்கிறேன்" என்றார். தானே நடந்து போய்க் கட்டிலில் படுத்தார். அதுதான் அவர் கடைசியாக நடந்த நடை.

குப்பன் மாமா காலையில் வந்து கதவைத் தட்டினார். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். மறுநாளும் சொன்னேன். இப்போது அவர் தட்டுவதில்லை, வெளியே நின்று ஒருமுறை இருமிவிட்டுப் போகிறார். அந்த இருமல் கேட்டதும் அப்பாவின் கால் போர்வைக்குள் அசைகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா சொன்னது உனக்கு எழுதியிருந்தேன், மறுபடி படித்துப் பார்.

தங்கை,
அருள்மேரி


தாம்பரம்
6 ஜனவரி 1991

தேவமாதா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு உன்னிடமிருந்து கார்டுகூட வரவில்லை. இதற்கு முன் நான் எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்ததா? நீ சுகமா என்று மட்டுமாவது எழுது.

போர்டு டிசம்பரில் நடக்கவில்லை. மார்ச் மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

அப்பாவின் முழங்கால் இப்போது மடங்கியே இருக்கிறது. நீட்டினால் வலியில் பல்லைக் கடிக்கிறார். தலை தலையணையைத் தொடுவதில்லை, கழுத்து விறைத்துத் தூக்கியபடியே நிற்கிறது. தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. கஞ்சியைக் கெட்டியாக்கி ஸ்பூனால் கொடுக்கிறேன். பேசுவது உதட்டருகே காது வைத்தால்தான் கேட்கிறது. முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. தனியாகப் புரட்டுகிறேன். மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை. அதே மாத்திரைதான், அண்ணா. நடை மட்டும்தான் நின்றது.

நேற்று குப்பன் மாமா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "இன்னாடி இது? ரோட்ல நடந்துகினு இருந்த மன்சன இன்னாடி பண்ணி வெச்சிகினு கீற? ஒரு பொண்ணு செய்ற வேலையா இது?" என்று கத்தினார். காலனியே கேட்டது. அப்பா ஏதோ சொல்ல வாய் அசைத்தார். நான் குனிந்து கேட்டேன். "உன் மேல தப்பில்லன்னு அவங்கிட்ட சொல்லு" என்றார். நான் அதை மாமாவுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

இப்போதே நடக்க வைக்கட்டுமா? இப்போது தொடங்கினால்கூடக் கொஞ்சம் மிஞ்சும் என்று தோன்றுகிறது. 'சரி' என்று ஒரே வார்த்தை எழுது. கார்டிலேயே எழுது, யார் படித்தாலும் பரவாயில்லை.

அருள்மேரி


மாதா கோயில், பம்பாய்
2 பிப்ரவரி 1991

அன்பு அருளுக்கு,

உன் மூன்று கடிதங்களும் நேற்றுத்தான் டீக்கடையிலிருந்து கைக்கு வந்தன. இனி மேலே உள்ள விலாசத்துக்கு எழுது. கோயில் ஃபாதர் நல்லவர், வராந்தாவில் படுக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல காற்று வருகிறது. விலாசம் மாறியதை அப்பாவிடம் சொல்லாதே.

மூன்று மாதம் பொறுத்துவிட்டு இப்போது எழுப்பினால், பொறுத்ததெல்லாம் எதற்கு? மார்ச் வரை பொறு. நான் படிக்கிறேன், நீ எழுதியதையெல்லாம் படிக்கிறேன். ராத்திரி கண்ணை மூடினால் அப்பாவின் முழங்கால்தான் தெரிகிறது. இருந்தும் இதைத்தான் எழுத முடிகிறது. என்னை வெறுத்துவிடாதே.

ஊருக்கு வர இப்போது முடியாது. ஏன் என்று கேட்காதே.

சவுரி


தாம்பரம்
21 மார்ச் 1991

தேவமாதா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டறை எப்போது மூடியது என்று நான் கேட்க மாட்டேன். போன வருஷம் நீ விலாசம் மாற்றியபோதே நான் புரிந்துகொண்டிருக்கலாம். அந்த வராந்தாவில் கொசு கடிக்குமே, போர்த்திக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள். ராத்திரியில் வெறும் டீ குடித்துவிட்டுப் படுக்காதே.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். "புள்ளைக்கு அங்க வேல இல்ல, அதான் இப்டி எழுதறான்" என்று நவம்பரிலேயே சொன்னார். நான் உனக்கு எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

முந்தாநாள் போர்டு நடந்தது. கடைசியில் குப்பன் மாமாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. லீவு போட்டுவிட்டு அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர்கள் அப்பாவின் கையை மடக்கப் பார்த்தார்கள், எழுந்து நிற்கச் சொன்னார்கள். நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு டாக்டர் என்னைப் பார்த்து, "எக்சர்சைஸ் எதுவும் குடுக்கலையாம்மா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா என் தாவணி முனையைப் பிடித்திருந்தார்.

எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். உனக்கு வேலை கிடைத்துவிடும் என்று மாமா சொல்கிறார். வீடும் இருக்கும். மனு கொடுக்க நீ நேரில் வர வேண்டும். டிக்கெட்டுக்கு ஃபாதரைக் கேட்டுப் பார்.

திரும்பி வரும் வழியில் எக்சர்சைஸ் ரூமுக்குப் போனேன். காந்திமதி அக்கா அப்பாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "நாளையிலிருந்து ஆரம்பி. எவ்வளவு வரும்னு என்னைக் கேக்காதே" என்றார்.

நேற்று காலை ஆரம்பித்தேன். மாமா பின்னால் நின்று அக்குளில் கைகொடுத்து அப்பாவைத் தூக்கி நிறுத்தினார். வெளியே முற்றத்தில்தான். காலனிப் பெண்கள் குழாயடியில் இருந்தார்கள். மாமா குரல் கொடுத்தார். கால் எழும்பவில்லை. மறுபடி கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கொடுத்தேன், 'ஏத்து' மட்டும் இல்லை, பாட்டை முழுக்க, எழுத முடியாத அடிகளையும் சேர்த்து. குழாயை யாரோ மூடினார்கள். அப்பாவின் உதடு என்னோடு சேர்ந்து அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கால் வரவில்லை.

"வுட்ரு கண்ணு" என்றார் மாமா.

நான் தரையில் உட்கார்ந்தேன். அப்பாவின் வலது பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் வைத்தேன். பிறகு இடது பாதத்தை.